மயிலைக்குக் கொடுத்த வாழைப்பழம்

பிப்ரவரி 28, வெள்ளி

அறுவடை முடிந்த வயலில் உளுந்து பூத்துவிட்டது. மாமரத்தில் பூவும் பிஞ்சும். செவலைக்கு மடி இறங்கத் தொடங்கியிருக்கிறது, பங்குனிக் கடைசியில் ஈன்றுவிடும்.

காட்டேஜ் நாளைக்கும் நிரம்பிவிட்டது. சனிக்கிழமை திருநள்ளாறு வருகிறவர்களுக்கு வரிச்சிக்குடியில் எங்கள் மாட்டுப் பண்ணை இருப்பது எப்படியோ தெரிந்துவிடுகிறது. எல்லாம் என் வீட்டுக்காரர் வாசலில் வைத்த போர்டின் மகிமை: ‘உங்கள் கையாலேயே பசுவுக்கு ஊட்டலாம்.’ சாமி கும்பிட்டுவிட்டு அகத்திக்கீரையும் வாழைப்பழமுமாக வந்து நிற்கிறார்கள். பரிகாரம் அவர்களுக்கு, வயிற்றுப்போக்கு என் மாட்டுக்கு. போன வருஷம் ஒரு புண்ணியவான் மாங்கொட்டையைக் கொடுத்து, அது தொண்டையில் சிக்கி, நான்தான் கையை விட்டு எடுத்தேன். இவர் அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். எனக்கும் பெருமைதான்.

மார்ச் 8, சனி

தர்மபுரியிலிருந்து சக்திவேல் என்பவர், மனைவி, கயல் என்று ஆறு வயசுப் பெண். வாய் ஓயாத குழந்தை. வரப்பில் ஓடி விழுந்து உள்ளங்கையைச் சிராய்த்துக்கொண்டது. மஞ்சள் வைத்துவிட்டேன். அழுகை நிற்கவில்லை. எங்கள் பசு மயிலையிடம் கூட்டிப்போய் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து ஊட்டச் சொன்னேன். பழத்தை விழுங்கிவிட்டு மயிலை அந்தக் கையையும் சேர்த்து நக்கியது.

“ஆன்ட்டி, இது நாக்கா, உப்புத்தாளா?” என்றாள். சிரித்து மாளவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் அவர்கள் கிளம்பினார்கள். மற்ற நவக்கிரகக் கோயில்களையும் பார்த்துவிட்டுத்தான் ஊருக்காம்.

மயிலை தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் எச்சில் நூல் நூலாக ஒழுகியது. விழுங்க முடியவில்லை. எவன் என்னத்தைக் கொடுத்துத் தொலைத்தானோ என்று திட்டிக்கொண்டே கையை உள்ளே விட்டுத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. கடைவாய்ப் பல் பட்டு விரலில் நல்ல கீறல்.

மார்ச் 10, திங்கள்

கால்நடை டாக்டர் அஸ்ஃபியா வந்தார். நோன்பு, அதனால் காப்பி வேண்டாம் என்று நேரே கொட்டகைக்குப் போனார். ஆனால் மயிலையின் கிட்டே போகவில்லை, தூரத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மயிலை அடித்தொண்டையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. அதன் குரல் மாதிரியே இல்லை.

“அக்கா, வாய்க்குள்ள யாராச்சும் கைய விட்டீங்களா?”

விரலைக் காட்டினேன். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்ததும் விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

“நாய் ஏதாச்சும் கடிச்சுதா?”

இவர்தான் சொன்னார். மாட்டுப் பொங்கல் கழிந்து ஒரு தெருநாய் கொட்டகைக்குள் புகுந்தது, கம்பெடுத்து விரட்டினார். மறுநாள் மயிலை மூக்கில் காயம். முள்கம்பி கிழித்தது என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவினோம். தடவியதும் நான்தான்.

“வெறிநோயா இருக்கும்னு சந்தேகப்படுறேன். தொண்டையில ஏதோ சிக்குன மாதிரிதான் தெரியும். எல்லாரும் கைய விட்டுடறாங்க. மொதல்ல சோப்புப் போட்டு நல்லா கழுவுங்க. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. மாட்டுக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுக்கா.”

எனக்கும் இவருக்கும் முதல் ஊசி போட்டாயிற்று. என் விரலைச் சுற்றியும் குத்தினார்கள். வலிதான். பரவாயில்லை.

இதை எழுதும்போதுதான் — கயல். ஐயோ, அந்தப் புள்ளையோட கை. தோல் உரிஞ்ச கை. நானே புடிச்சு நீட்டினேனே!

மார்ச் 11, செவ்வாய்

விடிந்ததும் அஸ்ஃபியாவுக்கு போன் போட்டேன். மாடு நோயைக் காட்டுவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் இருக்குமாம். மனுஷருக்கு நோய் காட்டிவிட்டால் அப்புறம் மருந்தே கிடையாதாம். “அதுக்குள்ள ஊசி போட்டுடணும்க்கா. இன்னைக்கே சொல்லிடுங்க.”

இவர் வேண்டாம் என்கிறார். “சந்தேகம்னுதான சொன்னாங்க? ரிசல்ட் வரட்டும் வல்லி. இப்பவே சொன்னா அவங்க ஊரெல்லாம் சொல்லுவாங்க. அப்பறம் ஒரு ஈ காக்கா இந்தப் பக்கம் வராது.”

“ரிசல்ட் வர்றதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?”

இவர் தவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு மட்டும் பயம் இல்லையா? போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது? கடைசியில் போட்டால், சக்திவேல் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். திரும்பத் திரும்ப அதேதான். அவர்களைக் காரில் கூட்டிப்போன ஷகீலைப் பிடித்தேன். கும்பகோணத்தில் லாட்ஜில் இறக்கிவிட்டதாகச் சொல்லி, சக்திவேல் மனைவியின் நம்பரைக் கொடுத்தான்.

அந்த அம்மாதான் எடுத்தார். சொன்னேன். மாடு, எச்சில், கை, ஊசி — எந்த வரிசையில் சொன்னேனோ தெரியாது. அப்புறம் சக்திவேல் போனை வாங்கினார். “எங்க புள்ளய எதுக்குங்க மாட்டுக்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க? நாங்க கேட்டமா?”

“இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, கெஞ்சிக் கேக்குறேன்” என்றேன். கட் பண்ணிவிட்டார். போனாரா? தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

மயிலை போய்விட்டது. பின்னங்கால் இழுத்து, விழுந்து, எழுந்திருக்கவே இல்லை. நான் கிட்டே போகவில்லை. பத்து வருஷம் கையால் வளர்த்த மாட்டுக்குக் கடைசியில் ஒரு வாய் தண்ணீர் ஊற்றப் பயந்துகொண்டு சன்னல் வழியே பார்த்தேன். சோதனைக்கு மூளையை எடுத்துப்போனார்கள். சுண்ணாம்பு கொட்டிக் குழியை மூடினார்கள். அதன் கன்றுக்கும் மற்ற மாடுகளுக்கும் ஊசி போட்டாயிற்று.

மார்ச் 13, வியாழன்

காலையில் தண்ணீர் குடித்தேன். இறங்கியது.

மார்ச் 14, வெள்ளி

இந்த நோய் கண்டவர்களுக்குத் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகுமாம். யாரோ ஆஸ்பத்திரி வரிசையில் சொன்னார்கள். அன்றிலிருந்து எழுந்ததும் முதல் வேலை ஒரு டம்ளர் தண்ணீர். பயந்துகொண்டே வாயில் வைப்பதால் தொண்டை இறுகுகிறதா, நோயால் இறுகுகிறதா? இவரிடம் சொன்னால் சிரிப்பார். ஆனால் நேற்று அடுப்படியில் அவரும் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் குடித்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 17, திங்கள்

எனக்கு மூன்றாவது ஊசி. சக்திவேல் எடுப்பதே இல்லை. அந்த அம்மாவும் இல்லை. போட்டாங்களா இல்லையா, ஒத்த வார்த்தை சொல்லக் கூடாதா? திட்டினாலும் பரவாயில்லையே. வேப்பம்பூ கொட்டிக் கிடக்கிறது, பெருக்கவும் மனசில்லை. கேட்டில் யாராவது குழந்தையோடு நின்றால் உள்ளே போய்விடுகிறேன்.

மார்ச் 21, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. வெறிநோய்தான்.

இவர் கொட்டகை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சொல்லிக் காட்ட நாக்கு துறுதுறுத்தது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சக்திவேலுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. வாட்ஸப்பில் பேசி அனுப்பினார்: “நான் வரிச்சிக்குடி முருகானந்தம் பேசுறேங்க. எங்க மாட்டுக்கு அந்த நோய்தான்னு உறுதியாயிடுச்சு. சொல்ல வேணாம்னு சொன்னவன் நான்தான். அதையும் மீறித்தான் எங்க வீட்ல உங்களுக்குச் சொன்னாங்க. கொழந்தைக்கு ஊசி போட்டாச்சான்னு மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் கேக்கல.”

சாயங்காலம் அந்த அம்மாவின் பதில் வந்தது. “அன்னைக்கே கும்பகோணத்துல மொத ஊசி போட்டுட்டோம்ங்க. இது வரைக்கும் மூணு ஆயிடுச்சு.” அவ்வளவுதான். நான் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். செவலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

ஐந்தாவது ஊசி. இனிமேல் பயமில்லை என்கிறார் டாக்டர். அவர் சொன்னால் ஆயிற்றா? நாளைக்குக் கயலுக்கும் கடைசி.

ஏப்ரல் 12, சனி

செவலை காலையில் ஈன்றது. கிடேரி. கன்று விழுந்ததும் மூச்சு வரவில்லை, மூக்கும் வாயும் சளியால் அடைத்திருந்தன. அஸ்ஃபியா கொடுத்த கையுறை வீட்டுக்குள் கிடந்தது. இவர் அதை எடுக்க ஓடினார். நான் நின்றேன். கை நீளவில்லை. கன்றின் வயிறு ஒரு தடவை எக்கியது, அடங்கிவிட்டது.

போ, வல்லி.

விரலை விட்டு வழித்து எடுத்தேன். வைக்கோலால் அழுத்தித் தேய்த்தேன். தும்மியது. என் முகமெல்லாம் சளி. கையுறையோடு ஓடிவந்த இவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மத்தியானம் தர்மபுரியிலிருந்து போன். கயல்தான். “ஆன்ட்டி, அஞ்சு ஊசி! நான் ரெண்டுக்குத்தான் அழுதேன். மயிலைக்கும் போட்டீங்களா?” பின்னால் அவள் அப்பா என்னவோ மெதுவாகச் சொன்னது கேட்டது. மயிலை செத்துப்போச்சும்மா என்றேன். ஆனால் இன்றைக்கு ஒரு கன்றுக்குட்டி பிறந்திருக்கிறது என்றேன். பெயர் வைத்துவிட்டீர்களா என்றாள். நீயே வையேன் என்றேன். யோசித்துச் சொல்கிறாளாம்.

வாசலில் இவர் பழைய போர்டைக் கழற்றிவிட்டு வேறு எழுதிக்கொண்டிருக்கிறார்: ‘தொட்டியில் போடுங்கள். கையால் ஊட்ட வேண்டாம்.’ காட்டேஜுக்கு யாரும் இன்னும் வரவில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. காலையில் கன்றைத் தேய்த்த தாகத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக் என்று குடித்துவிட்டேன். இறங்குகிறதா என்று பார்க்கவே இல்லை.