இடி முழக்கம் இல்லாத அறிவிப்பு

மார்ச் 4
இன்று 'ஞா' எழுத வந்துவிட்டது. ஞாயிறு. ஞாபகம். எழுபதைத் தாண்டி எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறவனுக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகுமா? ஆகும்.

மார்ச் 7
மகள் அழுதாள். அவளும் கூட்டாளிகளும் வருஷக்கணக்காகச் செய்த வீடியோ கேமின் அறிவிப்புப் படம் நேற்று வெளியானது. வெள்ளத்தில் மூழ்கிய ஊரில் ஒரு படகுக்காரி ஆட்களை மறுகரையில் சேர்க்கிறாள். அவ்வளவுதான் விளையாட்டு. அறிவிப்பிலோ இடி, மின்னல், முரசு, "வருகிறது! வருகிறது!" என்று ஒரு தடித்த குரல். படகு எங்கே? கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது.

"இன்னொரு சண்டை விளையாட்டுன்னு நினைச்சு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கலப்பா."

இந்த மாதக் கடைசிவரை இப்படியே இருந்தால் வேலையை நிறுத்திவிடுவார்களாம்.

முரசு அவள் மேலாளரின் யோசனை. பாவம், அவருக்கும் பயம். பயந்தவர் சத்தமாகத்தான் பேசுவார்.

மார்ச் 8
"அப்பா, கேம் பேரை உங்க கையால எழுதித் தாங்க."

"கோழி கிளறின மாதிரி இருக்குமே. ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். திரும்பியாவது பார்ப்பாங்க."

மேசைக்கு மேலே கேமராவைக் கட்டினாள். எழுதினேன். அ... க்... க... றை. பெருமையாக நிமிர்ந்தேன்.

"அந்த றை இல்லப்பா. இது ஆத்துக்கரை. அக்கரை."

"அட போடி! ஒரே சத்தத்துக்கு எதுக்கு ரெண்டு எழுத்து? எவன் கண்டுபிடிச்சான்?" திட்டிக்கொண்டே அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னதாக 'ரை' போட்டேன்.

திரும்ப எழுதுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கள்ளி!

மார்ச் 10
"எழுத்துப்பிழையோட அறிவிப்பா? மானம் போயிடும்!" என்று மேலாளர் போனில் கத்தினார். மகள் விட்டுக்கொடுக்கவில்லை.

புது அறிவிப்பைப் பார்த்தேன். என் கை எழுதுகிறது, வாய் திட்டுகிறது. பிறகு படகுக்காரி ஒரு கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு துடுப்புப் போடுகிறாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். விளையாட்டு எப்படியோ, அறிவிப்பும் அப்படி.

மார்ச் 12
அறிவிப்புக்குக் கீழே ஜனங்கள் எழுதியதை நானே படித்தேன்! விரல் வைத்து, ஒவ்வொன்றாக.

"அக்கரையா, அக்கறையா? அந்தப் படகுக்காரி முகத்தைப் பார்த்தா ரெண்டும்தான்."

"தாத்தா திட்டினதுக்காகவே வாங்குவேன்."

குழந்தைக் கையெழுத்து என்று ஒருவர் கேலி. சரிதானே, என் எழுத்துக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை.

மேலாளரும் முழுசாகப் பார்த்தாராம். பழைய முரசு அறிவிப்பை அவரே எடுத்துவிட்டாராம்.

மார்ச் 13
கை வலிக்கிறது. இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. படித்து மாளவில்லை.

ஏப்ரல் 2
மதியச் சாப்பாட்டுக்கு மகள் வரவில்லை. போன் வந்தது. "புதுசா ரெண்டு பேரை வேலைக்குச் சேர்த்திருக்கோம்ப்பா. உட்கார இடமில்ல. நம்ம வீட்டு நாற்காலிய அனுப்புறீங்களா?"

அனுப்பிவிட்டேன். கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.