எண்பதும் எழுபத்தேழும்

அக்கா,

என் துப்பட்டாவில் இன்னும் புது டயர் வாசனை போகவில்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டு ஜுருவில் நீங்கள் வழக்கமாகப் போகும் டயர் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கார்தான். நீங்கள் போன பிறகு உங்கள் வீட்டுக்காரரான அண்ணன் அதை எனக்கு விற்றார். "அவ இருந்திருந்தா ஒனக்குத்தான் குடுக்கச் சொல்லியிருப்பா" என்றார். அந்தப் பேச்சையும் நான் முழுசாக நம்பவில்லை. உங்களிடம் இனி எதற்கு மறைக்க வேண்டும்? இந்த மடலே ரொம்பத் தாமதம்.

கெலுகோரிலிருந்து கடல் பாலம் தாண்டி, ஜுருவில் நாம் வேலை பார்த்த பழைய கார் வியாபார அலுவலகத்துக்கு, தினம் காலையில் உங்கள் பக்கத்து இருக்கையில் வருவேன். அப்போது எனக்கு ஆறாம் மாதம். மடியில் கைப்பேசி, அதில் வழிகாட்டி, கூடவே செயற்கைக்கோள் கணக்குப்படி வேகம்.

"அக்கா, மீட்டர் எண்பது காட்டுது. இதுல எழுபத்தேழுதான்."

"நல்லதுதானே லா. வேகத்துக்குப் போலீஸ் சமன் வராது."

"ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது அக்கா."

"ஒனக்குப் புருஷன் மேலயாவது நம்பிக்கை இருக்கா?"

"அவருக்கு மீட்டர் இல்லியே."

ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தீர்கள். கார் செய்கிறவர்களே மீட்டரைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் வைப்பார்கள், குறைத்துக் காட்டினால்தான் ஆபத்து என்றீர்கள். வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். நீங்கள் சொன்னது சரிதான். ஆனாலும் மறுநாள் பாலத்தில் ஏறியதும் எண்களை வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். "எழுபத்தேழு... எழுபத்தாறு..."

"நாலு நம்பர் குலுக்கல் முடிவு வாசிக்கிற மாதிரியே இருக்கு" என்பீர்கள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, மீட்டரில் எண்பது. என் கையிலும் எண்பது. பாலம் முடியும் வரை பார்த்தேன், இரண்டும் ஒன்றாகவே ஓடின.

"என்ன, இப்போ நிம்மதியா?"

"என்னக்கா பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல. காடிக்குப் புத்தி வந்திருச்சு."

உங்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கோ சந்தேகம். நம் தொழிலில் மீட்டரைத் திறக்கிறவர்கள் எதற்குத் திறப்பார்கள் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதிகம் ஓடிய கார் ஒரு வாரத்தில் குறைவாக ஓடிய காராக மாறி வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். அக்காவும் காரை விற்கப் போகிறார், ஓடிய தூரத்தைக் குறைக்க மீட்டரைத் திறந்திருக்கிறார் என்று நினைத்தேன். மீட்டரில் கை வைத்தவர் பிரேக்கை ஒழுங்காகப் பார்ப்பாரா? என் வயிற்றில் பிள்ளை.

மறுநாள், "இனிமே அவரே என்னைக் கொண்டுபோய் விடுறாராம்" என்று சொன்னேன். நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்றீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் காலையில் என் மேசையில் உருளைக்கிழங்கு அடைத்த ஒரு கறிபாப் இருக்கும். கார் பேச்சு மட்டும் இருக்காது.

பிரசவ விடுப்பு முடிந்து வந்தபோது உங்கள் நாற்காலி காலி. நீங்கள் படுத்திருந்த மருத்துவமனைக்கு மகளைத் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு முறை வந்தேன். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, "காடியில வந்தியா? மெதுவா வந்தியா?" என்று கேட்டீர்கள். மீட்டரைப் பற்றிக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

காரை வாங்கும் முன்பு, அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். சர்வீஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு, "மீட்டர்ல யாரும் கை வைக்கல" என்றார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கை வைக்காத மீட்டர் எப்படித் திருந்தும்? மகளைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டும்போதெல்லாம் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தேன். போன மாதம் கைப்பேசி எழுபத்தொன்பதுக்கு இறங்கியது. இந்த வாரம் எழுபத்தெட்டு. அதனால்தான் டயர் கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணன் குனிந்து டயரின் பக்கவாட்டைப் படித்தார். "தேஞ்சிருச்சு தங்கச்சி. அதான் கொறையுது. ஆனா இது இந்தக் காடி சைஸே இல்ல, ஒரு சைஸ் பெருசு." பிறகு நம்பர் பிளேட்டைப் பார்த்தார். "அட, அந்த அக்கா காடியா? வேணாம்னு சொன்னேன், கேக்கல. மீட்டர் சக்கரம் சுத்துறதத்தான் எண்ணும், பெரிய டயர்னா ஒரு சுத்துக்குக் கூடுதல் தூரம் போகும், மீட்டர் கூட்டிக் காட்டுறது போயிரும்னேன். அதுதான் வேணும்னாங்க. கூட ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு வருதாம், போனையும் மீட்டரையும் பாத்துப் பாத்துப் பயப்படுதாம், ரெண்டும் ஒண்ணா காட்டுற மாதிரி போட்டுக் குடுங்கன்னாங்க."

அக்கா, நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் அலுவலகத்தில் எல்லோருக்கும் கண் அங்கேதான் போகும். ஒரு நாளாவது குனிந்து சக்கரத்தைப் பார்க்கவில்லை.

"அதே சைஸா, கம்பெனி சைஸா?" என்று கேட்டார்.

கம்பெனி சைஸே போடச் சொன்னேன். பின்னால் குழந்தை இருக்கிறாள், மீட்டர் கொஞ்சம் கூட்டியே காட்டட்டும். கழற்றிய டயர்களில் ஒன்றை மட்டும் காரின் பின்புற டிக்கியில் வைக்கச் சொன்னேன்.

"இது எதுக்கும் ஆகாது தங்கச்சி."

"தெரியும்ணே."

திரும்பும்போது பாலத்தில் மீட்டர் எண்பது காட்டியது. கைப்பேசி பக்கத்து இருக்கையில், முன்பு நான் உட்கார்ந்த இடத்தில் கிடந்தது. "எழுபத்தேழு" என்று வாய்விட்டு வாசித்தேன். பின்னால் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. நான் என்ன நினைத்து உங்கள் காரை விட்டு இறங்கினேன் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். ஆனால் நீங்களும் அதே அலுவலகத்தில்தானே இருந்தீர்கள். தெரிந்துதான் "சரிம்மா" என்றீர்கள். தெரிந்துதான் மறுநாளும் கறிபாப் வைத்தீர்கள்.

வளைவில் திரும்பும்போதெல்லாம் அந்தப் பழைய டயர் பின்னால் இடம் மாறி ஒரு தட்டுத் தட்டுகிறது. எடுத்துப் போடச் சொல்கிறார் என் கணவர். இருக்கட்டும் என்கிறேன்.