பிரேக் மிதிக்கும் இடம்

1958 ஜூலை 13, ஞாயிறு

"ஆயில் தீரப்போகிறது, அப்பா" என்று இன்று நான் சொல்லவில்லை.

பிரேசர் டவுன் வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய பெரிய காரை அப்பா ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தாமே பழுது பார்க்கிறார். பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். அப்பா சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் தளர்த்துவார். உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிப்பவர், ஒவ்வொரு சக்கரம் முடிந்ததும் பானெட்டுக்கு அடியிலுள்ள டப்பாவில் பிரேக் ஆயில் ஊற்றச் சொல்லி நினைவூட்ட வேண்டும்; டப்பா காலியானால் குழாயில் மறுபடி காற்று புகுந்துவிடும். பள்ளி நாள் முதல் அது என் இடம்.

இன்று நான் தலை பின்னிக்கொண்டு வருவதற்குள் புது அண்ணி அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"மிதிம்மா... அப்படியே புடி... இப்ப விடு. பலே! உன் நாத்தனா மிதிச்சா வண்டியே அலறும்."

"போங்க மாமா, அவ காதுல விழப்போகுது."

விழுந்தது. இருவரும் சிரித்தார்கள். பொறாமைதான். இந்த டைரியிலாவது அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது சக்கரத்தின்போது பானெட் பக்கம் போய்ப் பார்த்தேன். டப்பாவில் ஆயில் அடியில் கிடந்தது. நினைவூட்ட வேண்டும் என்பது அண்ணிக்குத் தெரியாது, அப்பாவுக்கு நினைவில்லை. காரை வெளியே எடுக்குமுன் அப்பா சோதித்துப் பார்ப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

சாயங்காலம் காம்பவுண்டுக்குள் ஓட்டிப் பார்த்தார். பெடல் தரைவரை போயிற்று. கார் மெல்ல உருண்டு சுவரில் இடித்து நின்றது. மறுபடியும் காற்று. அடுத்த ஞாயிறு நான்கு சக்கரங்களையும் முதலிலிருந்து செய்ய வேண்டுமாம். அண்ணியைத்தான் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறார்.