நாலு மணிக்குப் படிக்கும் குரல்

ஜூன் 14, ஞாயிறு

இன்று சுவரில் உள்ள படங்களையெல்லாம் துடைத்தேன். துடைக்கும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே துடைப்பது என் வழக்கம். மூத்த பேரன் பல் டாக்டர், பட்டம் வாங்கிய படம். அவன் தங்கை நீச்சலில் வெள்ளி, தலை ஈரமாகவே நிற்கிறாள். சின்ன மகனின் பையன் கப்பலில் என்ஜினியர், தொப்பி கொஞ்சம் பெரிசு. கடைசிப் படம் என் மகள் வயிற்றுப் பேத்தி, எங்கள் கட்டெறும்பு. ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், தொட்டால் கடிப்பாள், அதனால் அந்தப் பெயர். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதல் மார்க். கழுத்தில் பதக்கம், உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று எதிர்வீட்டுத் தையல்காரி இடிப்பாள். எந்தக் காக்கைக் குஞ்சு பதக்கம் வாங்கியிருக்கிறது என்று கேட்டேன்.

எறும்பு இந்த வாரம் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தாள். புதுப் பள்ளி, பெரிய கட்டடம். கணக்கு, பௌதிகம், ரசாயனம் எல்லாம் இங்கிலீஷில். எனக்கு ஒரு எழுத்து புரியாது. ஐந்தாம் வகுப்போடு அப்பா நிறுத்திவிட்டார், இல்லாவிட்டால் நான் எங்கேயோ போயிருப்பேன். ஆனால் எனக்குக் காது உண்டு. நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் படிக்க வேண்டும், நான் கூடத்தில் கதவைப் பார்த்து உட்கார்ந்து கேட்பேன். டாக்டரும் அப்படித்தான் படித்தான், கப்பலும் அப்படித்தான் படித்தது. அர்த்தம் தெரியாவிட்டால் என்ன? குரல் தொய்ந்தால் தெரியாதா? தொய்ந்தால் கரண்டியால் கதவைத் தட்டுவேன்.

ஜூன் 18, வியாழன்

குக்கரை இறக்கிவிட்டு வந்து கேட்டால் குரல் கிணற்றுக்குள் போய்விட்டது. கரண்டியால் கதவை மூன்று தட்டு தட்டி, "சத்தம் பத்தல எறும்பு!" என்று ஒரு போடு போட்டேன். உடனே நிமிர்ந்துவிட்டது. பழைய கரண்டிக்கு மவுசு குறையவில்லை.

ஜூலை 2, வியாழன்

பெருமையாக எழுத வேண்டிய நாள்தான். அன்றைக்குத் தட்டியதற்குப் பிறகு இரண்டு வாரமாகக் குரல் குறையவே இல்லை. நானும் நிம்மதியாகச் சமையலறையிலேயே இருந்து, வேலையை முடித்துக்கொண்டு வருகிறேன்.

ஆனால் படிப்பு முடிந்து வெளியே வரும் பெண் பேசுவதில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறவள். இப்போது எது கேட்டாலும் "ம்". தட்டில் விரலால் கோடு இழுக்கிறாள்.

மகளிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தவள், காலை நீட்டிக்கொண்டே, "வயசு அப்படிம்மா. நானும் அப்படித்தான் இருந்தேன், நீ மறந்துட்ட" என்றாள்.

நான் மறக்கவில்லை. மகள் அந்த வயசில் கத்துவாள். இது கத்தவில்லை.

ஜூலை 9, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாலரை மணிக்குச் சாரல் உள்ளே அடித்தது. கூடத்து ஜன்னலுக்கு நான் எப்போதும் முதுகு காட்டித்தான் உட்காருவேன். சாத்துவதற்காகத் திரும்பினேன். தெருக்கோடியில் பஸ் நிறுத்தம். அங்கே எறும்பு நிற்கிறாள்.

முதுகில் பை. குடை இல்லை. கையைத் தொங்கவிட்டு நிற்கிறாள். ஒரு பஸ் வந்தது, நின்றது, போனது. அவள் அங்கேயே. அந்தப் பெண்ணுக்கு ஒரு நிமிஷம் காலாடாமல் நின்று பழக்கமே கிடையாது.

என் முதுகுக்குப் பின்னால் அறையில் எறும்பு படித்துக்கொண்டிருக்கிறாள். சத்தமாக, தடங்கலில்லாமல்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கேட்டேன், பார்த்தேன். குரல் இங்கே. ஆள் அங்கே. கதவைத் திறந்து பார்த்திருக்கலாம். திறக்கவில்லை. ஏன்? படிக்கிற பிள்ளையைக் கலைக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று பயம்.

ஆறு மணிக்கு அறையிலிருந்துதான் வந்தாள். தலை ஈரம். "என்ன ஈரம்?" என்றேன். "குளிச்சேன் பாட்டி."

ஜூலை 10, வெள்ளி

கண்ணைச் சோதிக்கக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எழுத்துப் பலகையைக் காட்டி, "பாட்டிம்மா, உங்க வயசுல இவ்வளவு தெளிவா யாரும் படிச்சு நான் பாத்ததில்ல" என்றார். முதல் தடவையாக ஒரு பாராட்டு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 13, திங்கள்

கேஸ் தீர்ந்துவிட்டது. புதுச் சிலிண்டர் நாளைக்குத்தான். சமையல் இல்லை என்பதால் இன்று முழுக்கக் கூடத்திலேயே இருந்தேன், ஜன்னலைச் சாத்திவிட்டு.

ஐந்து மணி தாண்டியிருக்கும். படிப்புச் சத்தத்துக்கு நடுவே குக்கர் விசில். ஒன்று. இரண்டு. மூன்று. எங்கள் குக்கர்தான், மூன்றாவது விசில் இழுத்துக்கொண்டு அழும், எனக்குத் தெரியாதா? அறைக்குள்ளிருந்து வருகிறது. எங்கள் குக்கரோ கழுவிக் கவிழ்த்து வைத்தபடி சமையலறையில் இருக்கிறது. போய்த் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் தையல்காரி வீட்டுக்கு ஓடிவிட்டேன். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள். மகள் வரும் வரைக்கும் அவளுக்குப் பொத்தான் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 15, புதன்

நேற்றும் பஸ் நிறுத்தத்தில். இன்றும். இங்கே குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சுவரிலுள்ள பதக்கப் படத்தைப் பார்த்தேன். அது என்னையே பார்க்கிறது. நம் வீட்டில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒருத்தி சுவரில் சிரிக்கிறாள், ஒருத்தி உள்ளே படிக்கிறாள், ஒருத்தி மழையில் நிற்கிறாள். ஆறு மணிக்கு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள் எவள்?

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போவாள்.

ஜூலை 16, வியாழன்

இன்று வேண்டுமென்றே அடுப்பைப் பற்றவைக்கவில்லை. நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டுக் காதை வைத்து உட்கார்ந்தேன்.

ஒரு இருமல். அந்த இருமல் எனக்குத் தெரியும். நேற்றும் இதே இடத்தில்தான் இருமினாள், பிறகு நாற்காலி கிறீச்சென்றது. கிறீச்சென்றது. பிறகு குக்கர் மூன்று விசில். குரல் மெதுவாகத் தொய்ந்துகொண்டே போனது, கிணற்றுக்குள் போவதுபோல.

டொக், டொக், டொக்.

"சத்தம் பத்தல எறும்பு!"

என் குரல். அறைக்குள்ளிருந்து. நான் வாயைத் திறக்கவில்லை. கரண்டி சமையலறையில் தொங்குகிறது. நான் உள்ளே இருந்துகொண்டு என்னையே அதட்டுகிறேன் — எவ்வளவு கடுமையான குரல் அது! நான் அப்படியா பேசுகிறேன்?

கதவைத் திறந்தேன். ஆள் இல்லை. துணி காயப்போடும் முற்றத்துக்குப் போகிற பின்கதவு தாழ்ப்பாள் விலகிக் கிடந்தது. மேசைமேல் அவள் அம்மாவின் பழைய போன் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அதுதான் படித்துக்கொண்டிருந்தது. நான் போன மாதம் கதவைத் தட்டிய அந்த ஒரு நாளைப் பிடித்து உள்ளே அடைத்துவைத்து, தினம் நாலு மணிக்கு எனக்குத் திறந்துவிட்டிருக்கிறாள்.

ஒரு மாசமா நான் ஒரு போனுக்குக் காவல் உக்காந்திருக்கேன்.

மூச்சு வந்ததும் முதலில் கோபம்தான் வந்தது. வெளியே சொல்ல வெட்கமில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டுதான் தெருவில் இறங்கினேன். பாதித் தெருவில் கையைப் பார்த்து, அதை முந்தானைக்குள் ஒளித்தேன்.

நிறுத்தத்தில் போய் அவள் பக்கத்தில் நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. "போன் நின்னுடுச்சா பாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல. இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருக்கு. நல்லாப் படிக்குது."

பையைத் தொட்டேன், மெத்தென்று இருந்தது. புத்தகம் இப்படி இருக்காது. திறந்து பார்த்தேன். இரண்டு செட் துணி, தண்ணீர்ப் பாட்டில், ஒரு நோட்டு.

"எங்கடி போகப்போற?"

"தெரியல. எந்தப் பஸ் எங்க போகும், அங்க இருந்து அடுத்தது எதுன்னு எல்லாம் பாத்துவெச்சிருக்கேன். திரும்பி வர்ற பஸ் மட்டும் பாக்கல." பையை மூடிக்கொண்டே, "நாளைக்கு ஏறிடலாம்னு இருந்தேன்" என்றாள்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள்.

பிறகு தானாகவே கொட்டினாள். வகுப்பில் என்ன நடத்துகிறார்கள் என்றே புரியவில்லை. முதல் பரீட்சையில் நூற்றுக்கு ஒன்பது. சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் புரிகிறது, இவள் மட்டும் பொம்மை மாதிரித் தலையாட்டுகிறாள். "சுவத்துல மாட்டியிருக்கியே ஒருத்திய, அவளப் பாத்தா எனக்கு பயமா இருக்கு பாட்டி. ஏன்டி இப்படி ஆனேன்னு கேக்குற மாதிரியே இருக்கு."

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். அப்பா என்னை நிறுத்தவில்லை. ஆறாம் வகுப்புக்குப் பதினொரு நாள் போனேன். புது வாத்தியார் கேள்வி கேட்டார், எழுந்து நின்றேன், வாய் திறக்கவில்லை, எல்லாரும் சிரித்தார்கள். பன்னிரண்டாம் நாள் வயிற்றுவலி என்று படுத்தேன். அந்த வயிற்றுவலி தீரவே இல்லை.

எறும்பு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப தாத்தாகிட்ட, அம்மாகிட்ட, எங்க எல்லார்கிட்டயும் புளுகினியா?"

"அறுபது வருஷமா. முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிருக்கேன்டி."

"அப்ப என்னோடது ஒரு மாசம்தான். கத்துக்குட்டி."

சிரித்தாளா அழுதாளா, சரியாகத் தெரியவில்லை. முந்தானையிலிருந்து கரண்டி கீழே விழுந்தது. அதைப் பார்த்ததும் சிரித்தேவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது போன் ஓய்ந்திருந்தது.

ஜூலை 17, வெள்ளி

மகள் என்மேல் பாய்ந்தாள். "காது காதுன்னு பெருமை பேசுனியேம்மா, பிள்ளை சொல்லாதது உன் காதுல விழுந்துச்சா?" பிறகு தானே உட்கார்ந்து அழுதாள். "எனக்கும்தான் விழல."

ஜூலை 20, திங்கள்

மூவரும் பள்ளிக்குப் போனோம். பௌதிக டீச்சர் சின்ன வயசு. திட்டப்போகிறார் என்று எறும்பு என் விரலைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் திட்டவில்லை. "இந்த வகுப்புக்கு வந்ததும் முதல்ல மூழ்குறது முதல் மார்க் பிள்ளைங்கதாம்மா. கை தூக்கி 'புரியல'ன்னு சொல்லிப் பழக்கமே இருக்காது. நான் முன்னாடியே கவனிச்சிருக்கணும்" என்றார். இந்தப் பாடங்கள்தான் வேண்டுமா என்று அவளையே கேட்டார். அவளை அந்தக் கேள்வி யாரும் கேட்டதில்லை. நான் கேட்டதில்லை.

எறும்பு பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். ஊரிலுள்ள பஸ் வழிகள் எல்லாம் — கோடு, வளைவு, ஆறு, மேடு — எறும்புப் புற்றை வெட்டிப் பார்த்ததுபோல ஒரு படம். மழையில் நின்று வரைந்திருக்கிறாள். இரண்டு பக்கத்தில் மை கரைந்திருந்தது. டீச்சர் ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லா வழியும் வெளிய போகுது, ஒண்ணுகூட உள்ள வரலையே" என்றார்.

பிறகு, "புவியியல் படிக்கிறியா?" என்று அவளைக் கேட்டார், எறும்பு சரி என்றாள்.

ஆகஸ்ட் 3, திங்கள்

புவியியல் பாடம் இந்தப் பள்ளியில் இல்லையாம். என் மூத்த மகன், அவள் பெரிய மாமா, இருக்கும் ஊரில் உண்டாம். அனுப்புவதா?

ஆகஸ்ட் 4, செவ்வாய்

அனுப்பவே மாட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அதே நிறுத்தம். ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாள். பஸ் திரும்பிய பிறகும் நான் அசையாமல் நின்றிருக்கிறேன். தையல்காரி வந்து தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. "என்னக்கா, பஸ் போயி அரை மணி ஆச்சு."

ஆகஸ்ட் 27, வியாழன்

நாலு மணிக்குக் கை தானாகக் கரண்டியை எடுத்திருக்கிறது. காலி அறைக் கதவின் முன்னால் நிற்கிறேன். உள்ளே ஏதோ ஒரு சத்தம். ஒரு நாற்காலி கிறீச்சென்றதுபோல. பழைய போனை அவள் கையோடு கொண்டுபோய்விட்டாள், எனக்குத் தெரியும்.

தட்டவில்லை. கரண்டியைக் கொண்டுபோய் மாட்டிவிட்டேன்.

செப்டம்பர் 6, ஞாயிறு

படங்களைத் துடைத்தேன். பல் டாக்டர். நீச்சல் வெள்ளி. கப்பல். அடுத்த ஆணிக்கு வந்ததும் கை நின்றது. பதக்கத்துப் பெண் அப்படியே சிரிக்கிறாள், உதட்டைத் திறக்காமல். படத்தைக் கழற்றி, துணியில் சுற்றி, பீரோவில் வைத்தேன். அவளும் பாவம், ஓய்வெடுக்கட்டும்.

நேற்று எறும்பின் கடிதம் வந்தது. நாலு பக்கம். யார் யாரை என்ன சொன்னார்கள் என்று ஒன்றுவிடாமல். முதல் பரீட்சையில் ஐம்பத்தெட்டு மார்க்காம். வகுப்பில் கை தூக்கி "புரியல" என்றாளாம், பின்னால் இன்னும் நாலு கை எழுந்ததாம். கடிதத்தோடு ஒரு வரைபடம், மாமா ஊரிலிருந்து நம் வீடு வரை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு குட்டி எறும்பு. எல்லா எறும்பும் இந்தப் பக்கம் பார்த்துத்தான் நடக்கிறது. கண்ணாடிக் கடைக்காரர் சொன்னது சரி, என் கண்ணில் கோளாறு இல்லை. மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன்.

தையல்காரியிடம் போய், "ஐம்பத்தெட்டு" என்றேன். "நூத்துக்கா?" என்றாள். "ஆமா, நூத்துக்குத்தான்" என்று நிமிர்ந்து நின்று சொன்னேன்.

அவளுக்குப் பதில் எழுத வேண்டும். என்ன எழுதுவதென்று முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்:

எறும்பு, ஆணி காலியாக இருக்கிறது. ஒரு புதுப் படம் எடுத்து அனுப்பு. போனில் அனுப்பாதே, உன் அம்மா விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாள். காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு. பதக்கம் வேண்டாம். தலை கலைந்திருந்தால் இருக்கட்டும். ஆனால் நீ யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்ததாக இருக்க வேண்டும். வாய் திறந்திருக்க வேண்டும்.