நீல வெளிச்சத்தில் பார்த்த பவளம்

அக்டோபர் 2, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். இதோ வருகிறேன் என்று இருட்டிக்கொண்டு வந்த மழை கடைசியில் வரவில்லை.

மீன் தொட்டி விளக்கு நேற்றோடு காலி. நான்கு குழல் விளக்கில் மூன்று ஏற்கெனவே போயிருந்தன. தம்பி குமார் இங்கே இருந்தவரை மாற்றுவது அவன் வேலை. அவனுக்குக் கல்யாணமாகிப் பொங்கோலில் புது வீட்டுக்குப் போனதிலிருந்து தொட்டி என் தலையில். உப்புத்தண்ணீர், உள்ளே பவளம், ஒரு கோமாளி மீன். அவன் மனைவி வசந்திக்கு உப்புத்தண்ணீர் வாடை ஆகாதாம். பேச்சோடு பேச்சாகச் சொன்னான். நானும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்டேன்.

வேலைக்குப் போகும் வழியில் ஜாலான் புசார் மீன் கடை. அங்கே ரவி என்று ஒரு ஜொகூர்க்காரர்.

"அக்கா, இந்த டியூப் எல்லாம் இப்ப வர்றதே இல்ல. எல்லாரும் எல்இடிக்குப் போயிட்டாங்க."

வெள்ளை தனி, நீலம் தனி. போனிலேயே கூட்டிக் குறைக்கலாம். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டும், ஆறு மணிக்கு மேல் நீலம் மட்டும் என்று அவரே போட்டுக் கொடுத்தார்.

"மொத மாசம் முப்பது பெர்சென்ட்டுக்கு மேல போகாதீங்கக்கா. பழைய லைட் மாதிரி இல்ல, இது ரொம்ப ஸ்ட்ராங். பவளம் பழகணும் லா."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

விளக்கை நானே மாட்டினேன். முக்காலி மேல் ஏறி, ஸ்க்ரூடிரைவரை வாயில் கடித்துக்கொண்டு. குமாரைக் கூப்பிடவில்லை. (இனி கு. என்றே எழுதப்போகிறேன். விரல் வலி.)

முப்பதில் வைத்துப் பார்த்தேன். அழுது வடிந்தது. காசு கொடுத்து வாங்கியது முழு விளக்கு, எரிய வைப்பது அதில் கால்வாசியா? நூறில் வைத்தேன். அறையே பளிச்சென்று ஆயிற்று.

முதலாளியம்மா சொல்லிவிட்டார்: தீபாவளி வரை யாருக்கும் ஆஃப் இல்லை. புடவைக் கடையில் இது தெரிந்த கதைதான்.

வாங்க: தொட்டி உப்பு. தலைவலித் தைலம். வெங்காயம். நடு விரலுக்கு பிளாஸ்டர்.

அக்டோபர் 8, புதன்

ஒரு நாளைக்கு எத்தனை புடவை விரிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. இன்று ஒரு அம்மா, மாம்பழ மஞ்சள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம். "இங்க நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்குப் போனா ஆரஞ்சா தெரியுமோ?" எப்போதும் சொல்வதையே சொன்னேன்: "கடை லைட்ட நம்பாதீங்கம்மா. வாசலுக்குக் கொண்டு போய் வெயில்ல பாருங்க." நடைபாதையில் ஒரு முனையை அவர் பிடிக்க, மறு முனையை நான். வெயிலில் அது மஞ்சளே இல்லை. எடுக்காமல் போய்விட்டார். முதலாளியம்மா என்னைப் பார்த்த பார்வை!

வீடு வந்தால் தொட்டியில் நீலம். டார்ச் (பவளத்தின் பெயர் அதுதான், விரல் விரலாக நீட்டிக்கொண்டு நுனி பச்சையாக இருக்கும்) இப்படி மின்னி நான் பார்த்ததே இல்லை. படம் எடுத்து கு.வுக்கு அனுப்பினேன்.

"வாவ் க்கா. செம கலர். புது லைட்டா?"

"நானே மாட்டினேன்."

கட்டைவிரல் போட்டான்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. தேக்கா மார்க்கெட் வாசலில் குடை திரும்பிக்கொண்டது. மீன்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். இன்று கடைக்கு வெளியே நான் முகம் பார்த்துச் சிரித்த ஒரே ஆள்.

கு. கூப்பிட்டான். எண்ணிப் பார்த்தால் பேச்சு இவ்வளவுதான்: டார்ச் எப்படி இருக்கு, தண்ணி மாத்துனியா, உப்பு அளவு பாத்தியா, சரி வைக்கிறேன். பின்னால் டிவி சத்தம், வசந்தி யாரையோ பார்த்துச் சிரிக்கும் சத்தம்.

அவனைக் குறை சொல்லவில்லை. சேர்ந்து இருந்தபோதும் இப்படித்தான். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவர். ஞாயிறு காலை அவன் தொட்டிக்குள் கை விடுவான், நான் வாளி பிடிப்பேன். டார்ச்சுக்கு அப்போது இரண்டு தலை (ஒரு காம்பு, அதன் நுனியில் ஒரு கொத்து விரல், அதுதான் தலை). புதுத் தலை பிரியும்போதெல்லாம் காட்டுவான், "க்கா, இங்க பாரு." இப்போது பதினேழோ பதினெட்டோ தலை ஆகிவிட்டது. வேறு என்ன பேசினோம் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

நல்லவேளை டார்ச் ஒன்றாவது இருக்கிறது. இல்லாவிட்டால் எதைக் கேட்டு எனக்குப் போன் பண்ணுவான்?

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வெயில். தனியாக எண்ணெய் தேய்த்துக் குளியல். முதுகுக்குக் கை எட்டவில்லை. எதிர் வீட்டு மலாய் அம்மாவுக்கு ஒரு தட்டு முறுக்கு கொடுத்தேன் (கடை முறுக்கு). "அடெக் தடாக்?" தம்பி இல்லையா என்று கேட்டார். தம்பி ஈப்போவில், தலை தீபாவளி, மாமனார் வீட்டில் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். "சியான்" என்று என் கையைப் பிடித்தார். பாவமாம் நான்.

கடை இல்லை. பல நாளைக்குப் பிறகு பகலில் வீட்டில். பன்னிரண்டு மணிக்குத் தொட்டியில் வெள்ளை விளக்கு எரிந்தது. தட்டில் இட்லியோடு போய் உட்கார்ந்தேன்.

டார்ச் வெள்ளையாக இருக்கிறது.

பச்சை இல்லை. பழுப்பு இல்லை. வேகவைத்த கணவாய் நிறம். விரல்கள் பாதிக்குமேல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. மூன்று தலையில் சதையே இல்லை, கல் தெரிகிறது.

காலையில் நான் கிளம்பும்போது தொட்டி இருட்டு, பவளம் சுருங்கித்தான் இருக்கும். திரும்பி வந்தால் நீலம். நீலத்தில் எல்லாமே மின்னும். சாகிறதுகூட. இத்தனை நாளும் அதைப் பார்த்துத்தான் பூரித்துப்போயிருக்கிறேன்.

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வாசலுக்குக் கொண்டு போய்ப் பாருங்கள் என்று சொல்கிற வாய் இது.

விளக்கை முப்பதுக்கு இறக்கினேன். அவசரத்தில் முதலில் மூன்றுக்குப் போய்விட்டது.

மாலை ஈப்போவிலிருந்து படங்கள். கு. பட்டு வேட்டியில், கொஞ்சம் தொப்பை. அதன் கீழே: "ஹேப்பி தீபாவளி க்கா. டார்ச் எப்படி?"

போனில் பழைய படம் ஒன்று தேடி எடுத்து அனுப்பினேன். சூப்பர் என்றான்.

இட்லியைக் கொட்டிவிட்டேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

ரவி கடை.

"எத்தனைல வச்சீங்க?"

"நூறு."

கையிலிருந்த மீன் வலையைக் கீழே வைத்தார். பிறகு, "ஐயோ, அக்கா." திட்டியிருந்தால் தேவலை.

போன தலைகளை வெட்டி எடுக்க வேண்டுமாம். விட்டால் பழுப்பாக அழுகிப் பக்கத்துத் தலைக்கும் பரவும். பவளத்தைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து, தடித்த கத்தரியால் காம்போடு நறுக்க வேண்டும்.

"பழக்கம் இல்லாம செய்யாதீங்கக்கா. வீட்ல தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"வீட்ல யாரும் இல்ல."

தம்பி பொங்கோலில் இருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். ரயிலில் எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது?

அக்டோபர் 24, வெள்ளி

இன்னும் நான்கு தலை போயிற்று. மற்றதிலும் பழுப்பு ஜவ்வு. மூடியைத் திறந்தால் நாற்றம். ஊதுபத்தி ஏற்றி வைத்தேன், சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது, அணைத்துவிட்டேன்.

கத்தரி வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு தடவை கையை உள்ளே விட்டேன். இரண்டு தடவையும் வெளியே எடுத்துவிட்டேன்.

டார்ச் எப்படி என்று கு. மறுபடி கேட்டான். ஞாயிறு இரண்டு பேரும் பலகாரம் கொண்டு வருகிறார்களாம். ஞாயிறு கடையில் கணக்கெடுப்பு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று புளுகினேன். மறுபடி ஒரு பழைய படம் அனுப்பினேன்.

உடனே பதில்: "க்கா, இதுல ரெண்டு மீன் இருக்கு."

இரண்டாவது கோமாளி மீன் ஜூனிலேயே செத்துவிட்டது. அழுதுகொண்டே அவனுக்குப் போன் பண்ணியதே நான்தான்.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

மதியம் இடி. கு. வந்தான். தனியாக. பழைய சாவி கையில் இருந்தும் அதால் திறக்காமல் மணி அடித்தான்.

நேரே தொட்டிக்குப் போனான். வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை.

"எப்பலேர்ந்து?"

"தீபாவளி அன்னிக்குத்தான் பாத்தேன்."

"அப்புறமும் படம் அனுப்புனியே."

சட்டைக் கையை மடித்துக்கொண்டான். நான் வாளியைக் கொண்டு வந்தேன். பழக்கதோஷம். அவன் நறுக்க நறுக்கச் செத்த தலைகள் வாளியில் விழுந்தன. நான் பிடித்துக்கொண்டிருந்தேன். இருவராலும் முகம் பார்க்க முடியவில்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா பாதியாவது நின்னுருக்கும் க்கா. ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல. ஏன் சொல்லல?"

"கடைல பிசி."

"ஒரு மெசேஜுக்கா?"

இது செத்துவிட்டால் நீ என்னிடம் கேட்க ஒன்றும் இருக்காது, அதுதான் சொல்லவில்லை. இதை இங்கே எழுத முடிகிறது. அவன் ஒரு கை தூரத்தில் நின்றபோது வாய் வரவில்லை.

ஒரே ஒரு தலை மிஞ்சியது. அதைத் தொட்டியின் அடியில், வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்தான். விளக்கை இருபதுக்கு இறக்கினான். சாப்பிடச் சொன்னேன். மீன் குழம்பு வைத்திருந்தேன், அவனுக்குப் பிடித்தது. வசந்தி சமைத்து வைத்திருப்பாள் என்றான். பலகார டப்பாவை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினான். லிஃப்ட் வரும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிரசம் நன்றாக இருக்கிறது. வசந்தியின் அம்மா செய்ததாக இருக்கும்.

அக்டோபர் 29, புதன்

கடைசித் தலையும் போயிற்று. காலையில் பார்த்தபோது வெறும் கல். பூ மாதிரி விளிம்பு மட்டும் இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை.

கு.வுக்கு எழுதினேன்: "போயிடுச்சு."

நீல டிக் இரண்டு. ஒரு மணி நேரம் கழித்து, "ஓகே க்கா."

கடையில் இப்போது கூட்டமே இல்லை. மடித்த புடவையையே மடிக்கிறோம். புதுப் பெண் கேட்டாள், "ஆன்ட்டி, தீபாவளி லீவுல என்ன பண்ணுனீங்க?" ரெஸ்ட் எடுத்தேன் என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கு.விடமிருந்து போன் இல்லை. எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்க்கிறேன், வெட்கமில்லாமல்.

கோமாளி மீன் டார்ச்சுக்குள்தான் தூங்கும். இன்னமும் அதே இடத்துக்குப் போய், ஒன்றுமில்லாத தண்ணீரில் துடுப்பை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. சனியனே, வேறு இடம் பார் என்று வாய்விட்டுத் திட்டினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நேற்று கடையிலிருந்து வந்ததிலிருந்து பேசவே இல்லை போல.

தொட்டியை எடுத்துவிடலாமா? ரவியிடம் கேட்டால் ஆள் அனுப்புவார். மீனை என்ன செய்வது?

செய்ய: மின்கட்டணம். கண் பரிசோதனை. மிஞ்சிய மீன் குழம்பைத் தூக்கிப் போட.

நவம்பர் 5, புதன்

காலை முதல் மழை. கடையில் எனக்கு ஆஃப். சமைக்கத் தோன்றவில்லை, பிஸ்கட் தேநீர்.

பன்னிரண்டுக்கு வெள்ளை விளக்கு எரிந்தது. இருபதில்தான் ஓடுகிறது. கல், தண்ணீர், ஒரு மீன். உள்ளது உள்ளபடி.

ஒன்றேகாலுக்குப் போன் அதிர்ந்தது. ரவியாக இருக்கும் என்று நினைத்தேன். கு.தான் எழுதியிருந்தான். டார்ச் இல்லை, தொட்டி இல்லை, உப்பு அளவு இல்லை. ஒரே வார்த்தை.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்" என்று தட்டினேன். அனுப்பவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அழித்தேன்.

"இல்லடா" என்று அனுப்பினேன்.

மேலே அவன் பெயருக்குக் கீழே, எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டுகிறது. நிற்கிறது. மறுபடி எழுதுகிறான்.