தலைக்கல் இல்லையென்றதும் நீங்கிவிடும் குறி

அனுப்புநர்:
நவமணி த/பெ சதாசிவம்,
சிலிபின், ஈப்போ, பேராக்.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
மயான இடமாற்றப் பிரிவு, ஈப்போ.

பொருள்: கெருவிங் தோட்ட மயானத்தில் அடக்கமான குமாரி சரளாவுக்கான உரிமைக் கோரல், இணையப் பக்க நிரலால் நீக்கப்படுவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உரிமை கோருவதற்கான காலக்கெடு கடந்தபின் எழுத நேர்ந்தமைக்கு முதற்கண் மன்னிப்பு வேண்டுகிறேன். தாமதத்தின் காரணமே இம்மனுவின் பொருளாகும்.

1. என் அண்டை வீட்டார் திருமதி கருப்பம்மாள், அத்தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர், எழுத்தறியாதவர். காய்ச்சலில் இறந்த தம் ஒரே மகள் சரளாவை அங்கேதான் அடக்கம் செய்தார். தோட்டம் கைமாறி மயானம் தோண்டப்படுவதால், எலும்புகளைத் தனிப்பேழையில் பெற்றுக்கொள்ள அவர் சார்பில் தங்கள் இணையப் பக்கத்தில் விண்ணப்பித்தேன்.

2. "உறவினர் உரிமை கோருகிறார்" என்னும் கட்டத்தில் குறியிட்டேன். "தலைக்கல் உள்ளது" என்பதை, உள்ளபடியே, வெறுமையாக விட்டேன். வந்த பதில்: "உரிமை கோரப்படவில்லை. பொதுக்குழி." மீண்டும் மீண்டும் முயன்றும் அதே பதில்.

3. எவரிடமும் பயிலாமல் நானே கற்றுக்கொண்ட அறிவைக் கொண்டு அப்பக்கத்தின் நிரலை வாசித்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும், அது தலைக்கல் கட்டத்தின் நிலையைப் பார்க்கிறது. அங்கே குறியில்லையெனில், உரிமைக் கட்டத்தில் நாம் இட்ட குறியையும் நீக்கிவிட்டே அனுப்புகிறது. ஐயா, அத்தோட்டத்தில் கல் வைக்கும் வழக்கமில்லை. தலைமாட்டில் குரோட்டன் செடி நடுவார்கள். அதற்குத் தங்கள் பக்கத்தில் கட்டமில்லை.

4. தங்கள் முகப்பிட ஊழியரிடம் முறையிட்டபோது, "கல் இருக்குன்னு டிக் பண்ணிடுங்க அக்கா, போயிரும்லா" என்றார். உடனிருந்த கருப்பம்மாள், "கல்லத் தேடி வருவானுங்க தம்பி. எங்க கல்லு இருக்கோ அங்க தோண்டி, யாரு எலும்பையோ என் கையில குடுத்துட்டுப் போவானுங்க. அத வச்சு நான் என்னா பண்ண?" என்றார். ஊழியர் அடுத்த எண்ணை அழைத்தார்.

5. மயானத்தின் மேற்குக் கோடியில் இயந்திரம் இறங்கிவிட்டது. தோண்டுவதற்கு முன் செடிகளை வழித்துத் தள்ளுகிறார்கள். கருப்பம்மாள் மகளின் குரோட்டனில் சிவப்புச் சேலைத் துணியைக் கட்டிவிட்டு, நாள்தோறும் அதனருகே போய் உட்கார்ந்திருக்கிறார். அச்செடி போய்விட்டால், பிறகு தாங்கள் நிரலைத் திருத்தியும் பயனில்லை. இடத்தைக் காட்ட அவராலும் இயலாது.

ஆகவே, நிரல் திருத்தப்படும்வரை காத்திராமல், சரளாவுக்கான உரிமைக் குறியைத் தாங்களே இட்டு, அவ்விடத்தில் இயந்திரம் நுழைவதைத் தடுத்து உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

விரைவில் பதில் தாருங்கள்.

இடம்: சிலிபின்
நாள்: 14 ஜூலை 2025

இப்படிக்கு,
நவமணி
(கையொப்பம்)

திருமதி கருப்பம்மாள்
(இடக்கைப் பெருவிரல் ரேகை)