இரண்டு விநாடி வாயை மூடத் தெரியாதவர்கள்

என் அன்பு மச்சானுக்கு ஸலாம்.

நீங்கள் உறங்கும் கப்று விசாலமாகவும் வெளிச்சமாகவும் இருக்க துஆக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இனி வருவதெல்லாம் ஏச்சு.

நீங்கள் மவுத்தாகி நான்கு மாதமும் பத்து நாளும் அறைக்குள் இருந்து, இத்தா முடிந்து புதன்கிழமை வெளியே வந்தேன். முற்றத்தில் நின்ற உங்கள் பிக்கப்பின் சங்கதி அறைக்குள் இருந்த எனக்கு முழுக்கத் தெரியும். அதைச் சுற்றி நின்ற ஆம்பிளைகளுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாம் மாதமே அது ஸ்டார்ட் ஆகவில்லை. உங்கள் தம்பி ரிஸ்வி பாலாவியிலிருந்து ஒரு மெக்கானிக் பாஸைக் கூட்டிவந்தான். வண்டி திருத்துவதில் பெரிய ஆளாம். பாஸ் பிளக்கை மாற்றினார், பற்றரியை மாற்றினார். திறப்பைத் திருப்பியதும் பெற்றோல் தாங்கிக்குள் பம்ப் இரண்டு விநாடி இரைய வேண்டும் அல்லவா? இருபது வருஷம் ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டுத்தான் நான் புரண்டு படுத்தேன். அது இல்லை என்பது யன்னல் திரைக்குப் பின்னால் இருந்த எனக்கு முதல் நாளே விளங்கியது. அவர்கள் வாயை மூடினால்தானே கேட்கும்?

திரைக்குப் பின்னால் நின்றே சொன்னேன். "தம்பி, பம்ப் இரையுதில்ல. அதுக்குப் போற வயரப் பாருங்க."

"நீங்க உள்ளுக்கு இரிங்க மதினி. இது ஆம்பிளட வேல."

ஒரு மாதம் கழித்துத்தான் பாஸுக்குப் பம்ப்பின் நினைப்பே வந்தது. வயரைப் பார்க்காமல் புதுப் பம்ப்பைப் போட்டார். அதுவும் இரையவில்லை. சின்ன பல்பின் ஒரு வயரைப் பம்ப்புக்கு வரும் வயரிலும், மற்றதைப் பற்றரியிலும் பிடித்தார். பல்பு எரிந்தது. "கரண்ட் வருது, எஞ்சின்தான் முடிஞ்சி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். இந்த அறிவாளிக்குப் பெயர் பாஸ்!

இத்தா முடிய இரண்டு நாள் இருக்கையில் ரிஸ்வி திரைக்கு அருகே வந்து தொண்டையைச் செருமினான். "எண்ட நானா மவுத்தானதோட வண்டியும் மவுத்தாப் போச்சி மதினி. வியாழக்கிழம பழைய இரும்புக்காரன் வாறான்."

மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்த பிள்ளை நான். நம் கருவாட்டைப் புத்தளத்தில் விற்கக் கொண்டுபோக எனக்கு இந்த ஒரு வண்டிதான். அதையும் இரும்பாக நிறுத்துக் கொடுத்துவிட்டு, ரிஸ்வி தரும் சோற்றுக்குக் கை நீட்டுவதா? அன்று அழவில்லை மச்சான். அருவருப்பாக இருந்தது.

புதன் லுஹர் தொழுதுவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். நீங்கள் திருத்தும்போதெல்லாம் டோர்ச் பிடித்தவள் நான். பல்பின் இரண்டு வயரையும் பம்ப்பின் இரண்டு வயரிலேயே பிடித்தேன். எரியவில்லை. கரண்ட் வரும் வழியைப் பார்த்த பாஸ், அது திரும்பிப் போகும் வழியைப் பார்க்கவே இல்லை. அந்த ஏர்த் வயரைத் தடவிக்கொண்டே போனால், வண்டியின் இரும்புச் சட்டத்தில் முறுக்கிய இடத்தில் ஒரு கறுப்பு டேப் உருண்டை. உரித்தால் உள்ளே பச்சைத் தூள். கருவாட்டு உப்புத்தண்ணி வருஷக்கணக்காக அதற்குள்ளேயே தேங்கிக் கிடந்திருக்கிறது.

யார் சுற்றிய டேப் அது? உலகத்தில் எல்லாவற்றுக்கும் டேப் சுற்றுகிற ஒரே மனுஷன் யார்? உங்களுக்கே வெட்கமாக இல்லையா?

பற்றரியைக் கழற்றிவிட்டு, வயர் நுனியை வெட்டி, இரும்பு பளபளக்கும்வரை அரத்தாள் போட்டு முறுக்கினேன். மறுபடி பற்றரியைக் கொழுவித் திறப்பைத் திருப்பினேன். பம்ப் இரைந்தது. நீங்கள் வேலைக்குக் கிளம்புகிறீர்கள் என்றே ஒரு கணம் நினைத்துவிட்டேன். அப்போதுதான் அழுதேன்.

மறுநாள் இரும்புக்காரனோடு வந்த ரிஸ்விக்கு ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன். "புதுப் பம்ப் இப்பதான் பழகியிருக்கு" என்றான், கொஞ்சமும் கூசாமல். பிறகு கை நீட்டினான். "திறப்பத் தாங்க மதினி. நீங்களா ஓட்டப் போறீங்க?"

"ஓம்," என்றேன்.

டோர்ச் பிடிக்க விட்டீர்கள், ஸ்டியரிங் பிடிக்க விட்டீர்களா? பொம்பிளைக்கு எதற்கு என்றீர்கள். அந்தக் கேள்வியை இனி என்னிடம் யாரும் கேட்க முடியாது. எல் போர்ட் வாங்கிவிட்டேன், திங்கட்கிழமை முதல் வகுப்பு.

நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்குள் பொம்பிளைகள் எங்களை விடமாட்டார்கள். ஆனால் வீதி அதன் மதிலோரமாகத்தான் போகிறது. ஓட்டப் பழகியதும் அங்கே வண்டியை நிறுத்துவேன். கடிதத்தில் எழுத முடியாத ஏச்சு இன்னும் நிறைய இருக்கிறது. அதை நேரில் வந்து ஏசுவேன்.

உங்கள் மாமி மகள்,
உங்கள் பெண்சாதி,
பரீதா